முதுகுவலிக்கு உடலுக்குள் மருந்து பம்ப்: புதிதாக யோசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் மருத்துவர் பம்ப் பற்றிப் பேச்செடுத்தால், "மாதிரி பம்ப் ஒன்று இருந்தால் கொஞ்சம் கையில் கொடுங்கள்" என்று முதலில் கேளுங்கள். வலி சிகிச்சைப் பிரிவுகளில் ஏதாவது ஒரு மேசை இழுப்பறைக்குள் அது கிடக்கும். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வட்டமான டைட்டானியம் டப்பா. அகலம் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர், கனம் 2 முதல் 2.5 சென்டிமீட்டர். மருந்து ஊற்றாமலே 150 கிராமுக்கு மேல் எடை இருக்கும். இது உங்கள் வயிற்றுத் தோலுக்கு அடியில் வருடக்கணக்கில் இருக்கப் போகிறது. படத்தில் பார்த்து இதெல்லாம் புரியாது.

நான் இந்த பம்ப்களுக்கு மருந்து நிரப்பும் நர்ஸ். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஆபரேஷனைப் பற்றித்தான். ஆபரேஷன் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு, பம்ப் உள்ளே இருக்கும் வரை, ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒருமுறை மருந்து நிரப்ப வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தேதி தவறாமல் வந்துபோக உங்களால் முடியுமா, முடியாத நாளில் கூட்டிக்கொண்டு வர ஆள் உண்டா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது

மாத்திரையாக விழுங்கும் மார்ஃபின் வயிறு, கல்லீரல், ரத்தம் என்று உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. வலியைத் தடுக்க வேண்டிய இடத்துக்கு அதில் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மலச்சிக்கலாகவும் மந்தமாகவும் தூக்கக் கலக்கமாகவும் வெளிப்படும். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில்தான் கைமாறுகிறது. மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கேயே இருக்கின்றன. அங்கே நேரடியாகக் கொடுத்தால் வலி அடங்குகிறது என்பதை 1976இல் எலிகளில் காட்டினார்கள். 1979இல் புற்றுநோய் வலியால் தவித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைய பம்ப்கள் அந்த வழியில் வந்தவைதான்.

பம்ப்புக்குள் 20 அல்லது 40 மில்லிலிட்டர் மருந்து பிடிக்கும் ஒரு தொட்டி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் வகையில், சின்ன உருளைகள் ஒரு மெல்லிய குழாயை அழுத்தி அழுத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். பம்ப்பிலிருந்து கிளம்பும் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் தோலுக்கு அடியிலேயே இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போய், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீருக்குள் முடிகிறது. எவ்வளவு மருந்து, எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்பதை வெளியிலிருந்து ஒரு கைக்கருவியால் மாற்றலாம்.

இதனால்தான் மருந்தின் அளவு இவ்வளவு குறைகிறது. வாயால் 300 மில்லிகிராம் மார்ஃபின் செய்யும் வேலைக்கு இங்கே 1 மில்லிகிராம் போதும் என்று மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அது மாறும். மாத்திரையில் ஒன்று அதிகமாகப் போட்டுவிட்டால் பல நேரம் தூங்கித் தெளியலாம். இங்கே தவறு சின்னதாக இருந்தாலும் விளைவு பெரிதாக இருக்கும். இந்த 300-க்கு 1 என்ற கணக்கை மறக்காதீர்கள், பின்னால் சொல்லப் போகும் எச்சரிக்கைகள் எல்லாம் இதிலிருந்து வருபவை.

யாருக்குச் சரிப்படும்

முதுகில் ஒன்றோ இரண்டோ ஆபரேஷன் செய்தும் வலி போகாதவர்கள், முதுகெலும்பு நொறுங்கி வலிப்பவர்கள், முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்கள் இதற்கு அதிகம் வருகிறார்கள். பிசியோதெரபி, ஊசி, மாத்திரை, சிலருக்குத் தண்டுவட மின்தூண்டல் கருவி எல்லாம் பார்த்த பிறகு இந்தப் பேச்சு வரும். என் அனுபவத்தில், "மாத்திரை கேட்கிறது சிஸ்டர், ஆனால் அது என்னை ஆளாகவே இருக்க விடவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு பம்ப் நன்றாகக் கைகொடுக்கிறது.

உடம்பில் எங்காவது கிருமித்தொற்று இருந்தால் அது ஆறும் வரை காத்திருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை இருந்தால், குறட்டைதானே என்று விட்டுவிடாமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மனநல ஆலோசகரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். பலர் இங்கேதான் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர் தன் மருத்துவ ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டு, "அப்போ என் வலி பொய்யா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. வலி பொய் என்று யாரும் நினைப்பதில்லை. வருடக்கணக்கில் வலித்த உடம்பில் தூக்கமும் மனசும் சேர்ந்து கெட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் பம்ப்பை மட்டும் வைத்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு: பம்ப்பில் போடும் மருந்துகளில் ஒன்று, முன்பு மனச்சிதைவு போன்ற நோய் வந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாதது.

சோதனை டோஸ்

நேராக பம்ப்பை வைத்துவிட மாட்டார்கள். முதுகில் ஊசி மூலம் ஒரே ஒரு டோஸ் கொடுத்துப் பார்ப்பார்கள். அல்லது தற்காலிகக் குழாய் வைத்துச் சில நாள் கொடுத்துப் பார்ப்பார்கள். மூச்சு மந்தமாகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால் ஆஸ்பத்திரியில் தங்க வைப்பது வழக்கம். வலி பாதிக்குப் பாதி குறைந்தால் சோதனை வெற்றி என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பாதி என்பதைக் கவனியுங்கள். வலி முழுவதும் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

சோதனைக்கு முன்பே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மார்ஃபின் வகை மாத்திரைகளைக் குறைக்கச் சொல்லலாம். அந்த வாரங்கள் கஷ்டமானவைதான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் குறைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் குறைந்த டோஸிலேயே பலன் தெரிய வாய்ப்பு அதிகம். மருத்துவர் சொன்ன வேகத்தில், படிப்படியாகக் குறையுங்கள். ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

சோதனை நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எத்தனை வலி என்ற எண் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் நின்றீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், அரித்ததா, குமட்டியதா, சிறுநீர் தடையில்லாமல் போனதா எல்லாம் எழுதுங்கள். ஓர் அம்மா எழுதி வந்த ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இன்று வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்ளாமல் பல் தேய்த்தேன்." வலி எண் என்று அவர் போட்டிருந்தது ஆறிலிருந்து நான்கு, அவ்வளவுதான். அந்த எண்ணைவிட இந்த வரிதான் எங்களுக்கு உதவியது.

பம்ப் எங்கே உட்கார வேண்டும்

சின்ன விஷயம், ஆனால் இதைச் சரியாகக் கவனிக்காமல் பின்னால் வருடக்கணக்கில் சிரமப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக விலா எலும்புக்குக் கீழே, இடுப்புப் பட்டை வரும் கோட்டுக்கு மேலே, ஒரு பக்கமாக வைப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பு அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்வார்கள். படுத்திருக்கும்போது மட்டும் குறிக்க விடாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், கொஞ்சம் முன்னால் குனியுங்கள். டப்பா விலாவில் இடிக்கும் இடமும் தொடையோடு சேர்ந்து அழுத்தும் இடமும் அப்போதுதான் தெரியும். வழக்கமாக உடுத்தும் உடையையே அன்று உடுத்திக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்கள், காரில் பெல்ட் எந்தப் பக்கம் வரும் என்பதையும் சொல்லுங்கள்.

ஆபரேஷனும் முதல் இரண்டு மாதமும்

ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே கதீட்டரை உள்ளே செலுத்துவார்கள். முதுகில் ஒரு வெட்டு, வயிற்றில் ஒரு வெட்டு. பம்ப் உட்காரும் இடம் முதுகைவிட அதிகமாக வலிக்கலாம்.

முதல் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் அடங்குகிறதென்றால், தண்டுவட நீர் கொஞ்சம் கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். சரியாகாவிட்டால் உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துக் கசியும் இடத்துக்கு அருகே செலுத்தி அடைப்பார்கள். பம்ப்பைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதற்காகத்தான் வயிற்றுப் பட்டை கட்டிக்கொள்ளச் சொல்வது. காயத்தில் சிவப்பு, சூடு, சீழ், அதோடு காய்ச்சல் என்றால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்த்தால் கண் கூசினால், அது மூளை உறைக் காய்ச்சலாக இருக்கலாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஆறிலிருந்து எட்டு வாரம் வரை குனியாமல், இடுப்பைத் திருகாமல், கையை மேலே எக்கி எடுக்காமல், கனம் தூக்காமல் இருக்க வேண்டும். கதீட்டர் அதன் இடத்தில் ஒட்டிப் பிடிக்கும் காலம் இது. வலி குறைந்த தெம்பில் மூன்றாவது வாரமே வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்து, கதீட்டர் நழுவி மறுபடி ஆபரேஷன் மேசைக்குப் போனவர்கள் உண்டு. கீழே விழுந்ததை எடுக்க நீளக் கைப்பிடி இடுக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சோதனையில் கிடைத்த நிம்மதி இப்போது ஏன் இல்லை என்று கேட்பார்கள். டோஸை வேண்டுமென்றே குறைவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். சரியான அளவு அமைய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

உள்ளே போவது என்ன மருந்து

மார்ஃபின்தான் பழையது, அதிகம் தெரிந்தது. இன்னொன்று சிகோனோடைடு. கோனஸ் மேகஸ் என்ற கடல் கூம்பு நத்தையின் விஷத்தில் இருக்கும் பொருளைப் பார்த்து ஆய்வகத்தில் செய்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு 2004 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. மார்ஃபின் குடும்பத்தைச் சேராததால் பழக்கமாகாது, நிறுத்தினால் உடம்பு நடுங்காது. ஆனால் குழப்பம், மறதி, இல்லாததைப் பார்ப்பது போன்ற தொல்லைகள் வரலாம். முன்பு மனச்சிதைவு வந்தவர்களுக்குக் கூடாது என்று மேலே சொன்னது இந்த மருந்தைத்தான். இதை மிக மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹைட்ரோமார்ஃபோன், ஃபென்டனில், பியூபிவாக்கைன், குளோனிடின் என்று வேறு மருந்துகளையும், சில நேரம் கலவைகளையும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இவை பம்ப்புக்கென்று தனியாக அனுமதி பெறாதவை. அப்படிப்பட்ட மருந்துகளால் பம்ப் பழுதாவது போன்ற கோளாறுகள் வரலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2018 நவம்பரில் எச்சரித்தது. கூடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், பலருக்கு அவை உதவுகின்றன. உங்கள் பம்ப்பில் என்ன இருக்கிறது, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

மார்ஃபின் வகையில் அரிப்பு, குமட்டல், சிறுநீர் நிற்பது ஆகியவை தொடக்கத்தில் வரும். பெரும்பாலும் தணிந்துவிடும். கால் வீக்கம் சிலருக்கு நிலைத்துவிடும். நீண்ட நாள் எடுத்தால் ஹார்மோன் குறைந்து தாம்பத்திய ஆசை மங்கலாம். இதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் தெரியும், சிகிச்சையும் உண்டு.

மருந்து நிரப்பும் நாள்

நான் தினமும் செய்வது இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்களைப் படுக்க வைத்து, கைக்கருவியால் பம்ப்பைப் படித்துப் பார்ப்போம். தொட்டியில் இன்னும் எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்று அது ஒரு கணக்குச் சொல்லும். பிறகு தோலைத் துடைத்து, கிருமி நீக்கிய துணி போட்டு, பம்ப்பின் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடிப்போம். நடுவில் ரப்பர் போன்ற ஒரு மூடி இருக்கும். அதன் வழியாக ஊசி இறங்கும்போது முதலில் கொஞ்சம் தடுக்கும், பிறகு உலோக அடியில் 'டக்' என்று முட்டும். அந்த முட்டல் விரலுக்குத் தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும். மிச்ச மருந்தை உறிஞ்சி எடுத்து அளப்போம். கணக்குப்படி 3 மில்லிலிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 3-க்குப் பக்கமாக வந்தால் சரி. 9 வந்தால் மருந்து உள்ளே போகவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் அதுவும் கோளாறு. அப்புறம்தான் புது மருந்தை மெதுவாகச் செலுத்துவோம்.

இதில் நாங்கள் எல்லோரும் பயப்படும் ஒரு தவறு உண்டு. ஊசி மூடியைத் தவறவிட்டு, மருந்து தொட்டிக்குள் போகாமல் பம்ப்பைச் சுற்றியிருக்கும் சதைக்குள் போய்விடுவது. பல வாரங்களுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் ஏறிவிடும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. அதனால் நிரப்பும்போது எரிச்சலோ இழுப்போ புதிதாகத் தெரிந்தால், நர்ஸ் என்ன நினைப்பாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். முடிந்ததும் அவசரமாகக் கிளம்பாமல், சொல்லும் நேரம் வரை உட்காருங்கள். அரை மணி நேரமாவது இருங்கள். அன்று தனியாகவும் வரவேண்டாம், வண்டியும் ஓட்ட வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி கேளுங்கள்: மிச்சம் எவ்வளவு வந்தது, மருந்தின் பெயரும் செறிவும் போன தடவை போட்டதுதானா, அடுத்த அலாரம் தேதி (மருந்து குறைந்துவிட்டது என்று பம்ப் ஒலிக்கும் நாள்) எது. செறிவு மாறியிருந்தால் கணக்கு முழுக்க மாறும். கேட்கிறவர்களைப் பார்த்து நான் எரிச்சல்படுவதில்லை. அவர்கள் கேட்பதால் நானும் இன்னொரு முறை பார்க்கிறேன். அன்றைய அமைப்பு விவரம் அச்சடித்துக் கிடைத்தால் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

மருந்து குறைந்தாலோ பேட்டரி தீரும் நிலையிலோ பம்ப் பீப் என்று ஒலிக்கும். அதை முன்கூட்டியே ஒருமுறை ஒலிக்க வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். ஒருவர் இரண்டு நாள் அந்தச் சத்தத்தை யாருடைய போனோ என்று நினைத்திருக்கிறார். எங்களிடம் வந்தபோது வியர்த்துக் கொட்டியது, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு. மருந்து தீர்ந்தே போயிருந்தது. மார்ஃபின் திடீரென நின்றால் இப்படித்தான் ஆகும். கலவையில் குளோனிடின் இருந்தால் ரத்த அழுத்தம் எகிறும். தசை இறுக்கத்துக்காக பேக்லோஃபென் போட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: தடிப்பே இல்லாமல் அரிக்கும், கடும் காய்ச்சல் வரும், உடம்பு விறைக்கும், உயிருக்கே ஆபத்தாகும்.

வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது

எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், மெதுவான மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. இந்த மூன்றும் மருந்து அதிகமானதற்கு அடையாளம். ஆம்புலன்ஸை அழையுங்கள், "உடம்பில் மார்ஃபின் பம்ப் இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற முறிவு மருந்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டு, எப்படிக் கொடுப்பது என்று குடும்பத்தில் ஒருவர் கற்றுக்கொள்ளட்டும். மதுவும், மருத்துவருக்குத் தெரியாத தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

இன்னொன்று மெதுவாக வரும். நன்றாக இருந்த வலி திரும்புகிறது, டோஸ் ஏற்றியும் கேட்கவில்லை, அப்புறம் காலில் புதிதாக மரத்துப்போவது, பலம் குறைவது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது. கதீட்டர் மடங்கியோ நழுவியோ இருந்தால் வலி திரும்பும், மருந்து திடீரென நின்ற அறிகுறிகளும் சேரலாம். கால் பலம் குறைந்தால், கதீட்டர் நுனியில் அழற்சிக் கட்டி வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். மார்ஃபின் வகை மருந்து அதிகச் செறிவில் போகிறவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அடுத்த நிரப்பலில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே போன் செய்யுங்கள்.

அன்றாடம்

பம்ப் அடையாள அட்டை எப்போதும் பணப்பையில் இருக்கட்டும். விமான நிலையச் சோதனையில் மணி அடித்தால் அதைக் காட்டினால் போதும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் ஸ்கேன் செய்கிறவர்களுக்கு பம்ப்பின் மாடலைச் சொல்லுங்கள். மெட்ரானிக்கின் சிங்க்ரோமெட் வகையில் காந்தத்துக்குள் பம்ப் சிறிது நேரம் நின்று, வெளியே வந்ததும் ஓடத் தொடங்கும். ஓடுகிறதா என்று கருவியால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ப்ரோமெட்ரா வகையில் ஸ்கேனுக்கு முன்பே தொட்டியிலிருந்து மருந்தை எடுத்துவிட வேண்டும். பிசியோதெரபியில் டயாதெர்மி என்ற ஆழ்வெப்பச் சிகிச்சை கூடாது. நீராவிக் குளியல், வெந்நீர்த் தொட்டி, ஆழ்கடல் டைவிங் ஆகியவற்றுக்கு முன்பு கேட்டுக்கொள்ளுங்கள்: வெப்பமும் அழுத்தமும் மருந்து ஓடும் வேகத்தை மாற்றலாம். பேசிக்கொண்டே பம்ப்பைத் தோலோடு உருட்டும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. பம்ப் குப்புறத் திரும்பிக்கொண்டால் மூடி உள்பக்கம் போய்விடும், ஊசி போட வழியிருக்காது.

பேட்டரி பொதுவாக 4 முதல் 7 வருடம் வரும். அதை மட்டும் மாற்ற முடியாது, பம்ப்பையே மாற்ற வேண்டும். கதீட்டர் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், ஆகவே இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிட எளிது.

அடுத்த நிரப்பல் தேதியை உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் போட்டு வையுங்கள். அலாரம் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே நிரப்பல் நாளை வைத்துக்கொள்வது நல்லது. வெளியூர்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள், இடையில் வந்தால் முன்கூட்டியே எங்களைக் கூப்பிடுங்கள். முன்னால் நிரப்பித் தருவதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை.